பாதுகாப்பில்லாத உறவுக்குப் பிறகு: எந்த நாளில் என்ன செய்வது, எப்போது டெஸ்ட் எடுப்பது

ஆணுறை கிழிந்துவிட்டது, மாத்திரை போட மறந்துவிட்டது, அல்லது அந்த நேரத்தில் எதுவுமே பயன்படுத்தவில்லை. காரணம் எதுவானாலும் மறுநாள் காலையில் எழும் கேள்வி ஒன்றுதான்: கர்ப்பம் ஆகிவிடுமா? பதற்றத்தில் பலர் வரிசையை மாற்றிவிடுகிறார்கள். முதல் வாரத்திலேயே கிட் வாங்கிச் சோதித்துப் பார்க்கிறார்கள். அப்போது அது எதையும் காட்டாது. நாள் தள்ளிப்போன பிறகு அவசர மாத்திரையைப் பற்றி விசாரிக்கிறார்கள். அப்போது அது எதையும் செய்யாது. மாத்திரைக்கு உரிய நேரம் முதல் 5 நாள். டெஸ்டுக்கு உரிய நேரம் ஏறக்குறைய 3 வாரம் கழித்து. நடுவில் இருக்கும் நாட்களில் உடம்பைப் பார்த்தோ வயிற்றைத் தொட்டோ எதையும் கண்டுபிடிக்க முடியாது. இந்தக் கட்டுரை அந்த வரிசையிலேயே போகிறது.

முதலில் தேதிகளை எழுதுங்கள்

ஞாபகத்தை நம்ப வேண்டாம். பயந்த மனம் தேதிகளைக் குழப்பும். உறவு நடந்த தேதி, நேரம். கடைசி மாதவிடாய் தொடங்கிய முதல் நாள். கடந்த சில மாதங்களில் உங்கள் சுழற்சி மிகக் குறைவாக எத்தனை நாள், மிக அதிகமாக எத்தனை நாள் என்பது. இந்த மூன்றும் போதும். சுழற்சி என்பது ஒரு மாதவிடாயின் முதல் நாளில் இருந்து அடுத்த மாதவிடாயின் முதல் நாளுக்கு முந்தைய நாள் வரை. ரத்தம் நின்ற நாளில் இருந்து எண்ணுவது பலர் செய்யும் தவறு. அப்படி எண்ணினால் மொத்தக் கணக்கும் 4, 5 நாள் நகர்ந்துவிடும்.

அந்தச் சுழற்சியில் ஒன்றுக்கு மேற்பட்ட முறை உறவு நடந்திருந்தால் எல்லாத் தேதிகளையும் எழுதுங்கள். மாத்திரைக்கு முதல் தேதியும், டெஸ்டுக்குக் கடைசித் தேதியும் முக்கியம்.

இது ஆபத்தான சம்பவம்தானா?

கர்ப்பம் ஆக வேண்டுமானால் விந்து பெண்ணுறுப்புக்குள் சேர வேண்டும். முத்தம், உடையோடு அணைத்துக்கொள்வது, வாய்வழி உறவு, காய்ந்துபோன விந்து கையிலோ துணியிலோ பட்டது, இவற்றால் கர்ப்பம் ஆகாது. உள்ளே போகாவிட்டாலும் பெண்ணுறுப்பின் வாயிலிலேயே விந்து பட்டிருந்தால் வாய்ப்பு மிகக் குறைவுதான், ஆனாலும் இல்லை என்று சொல்ல முடியாது.

'வெளியே எடுத்துவிட்டேன்' என்பது எல்லோரும் சொல்லும் ஆறுதல். இந்த முறையை மட்டுமே நம்பும் தம்பதிகளில், நடைமுறையில் ஒரு வருடத்தில் சுமார் 5 பேரில் ஒருவர் கருத்தரிக்கிறார். சில ஆண்களுக்கு விந்து வருவதற்கு முன் கசியும் திரவத்திலேயே உயிரணுக்கள் இருக்கும். அதைவிட முக்கியமாக, சரியான நொடியில் எடுப்பது எப்போதும் நடப்பதில்லை. எந்த முறையும் பயன்படுத்தாவிட்டால் இதே எண்ணிக்கை ஒரு வருடத்தில் 100 பேரில் சுமார் 85. அதனால் வெளியே எடுத்தது ஒன்றுமே செய்யாததைவிட நிச்சயம் மேல். ஆனால் அதை மட்டும் நம்பி நிம்மதியாகத் தூங்கிவிட முடியாது.

முதல் தடவை என்பதாலோ, நின்றுகொண்டு செய்ததாலோ, உடனே எழுந்து கழுவியதாலோ, சிறுநீர் கழித்ததாலோ ஆபத்து குறையாது. உயிரணுக்கள் சில நிமிடங்களிலேயே கருப்பை வாயைத் தாண்டத் தொடங்கிவிடும். கழுவும் தண்ணீர் அங்கே போவதில்லை. உள்ளே தண்ணீர் பீய்ச்சிக் கழுவுவது தொற்றுக்குத்தான் வழி.

5 நாள் ஆகவில்லை என்றால்

இன்னும் 5 நாள் தாண்டவில்லை என்றால் கணக்குப் போடுவதை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். முதலில் அவசரக் கருத்தடை. மூன்று வழிகள் உண்டு.

அதிகம் கிடைப்பது லெவோநார்ஜெஸ்ட்ரல் 1.5 மி.கி. மாத்திரை. 72 மணி நேரத்துக்குள் போட வேண்டும். 72 மணி நேரம் இருக்கிறதே என்று தள்ளிப்போடாதீர்கள். 10-வது மணி நேரத்தில் போடுவதற்கும் 70-வது மணி நேரத்தில் போடுவதற்கும் வித்தியாசம் இருக்கிறது. அடுத்தது யூலிபிரிஸ்டல் அசிடேட் 30 மி.கி. இது 120 மணி நேரம் வரை பயன்படும். கருமுட்டை வெளிவரும் நேரம் நெருங்கிவிட்ட நிலையில் லெவோநார்ஜெஸ்ட்ரலைவிட இது நன்றாக வேலை செய்யும். எல்லா நாடுகளிலும் கிடைப்பதில்லை. சில இடங்களில் மருத்துவர் சீட்டு தேவைப்படும்.

மூன்றாவது காப்பர்-டி. இதைப் பற்றித்தான் யாரும் சொல்வதில்லை, ஆனால் மூன்றிலும் இதுதான் வலுவானது. உறவு நடந்து 5 நாட்களுக்குள் மருத்துவர் இதைக் கருப்பைக்குள் பொருத்தினால் 99 சதவீதத்துக்கும் மேல் கர்ப்பம் தவிர்க்கப்படும். அப்புறம் எடுக்காமல் விட்டால் வகையைப் பொறுத்துப் பல வருடங்களுக்கு அதுவே கருத்தடை. உடல் எடை அதிகம் உள்ளவர்கள் இதைக் குறிப்பாகக் கேட்டுப் பார்க்கலாம்: எடை சுமார் 70 கிலோவைத் தாண்டும்போது லெவோநார்ஜெஸ்ட்ரலின் பலன் குறையலாம், காப்பர்-டிக்கு அந்தப் பிரச்சினை இல்லை. காசநோய்க்கான ரிஃபாம்பிசின், வலிப்புக்கான ஃபெனிடோயின், கார்பமாசெபின் போன்ற மருந்துகள் எடுப்பவர்களுக்கும் மாத்திரையின் வீரியம் குறையும். இந்த மருந்துகளில் ஏதாவது எடுக்கிறீர்கள் என்றால் அதைச் சொல்லித்தான் மாத்திரை கேட்க வேண்டும்.

இந்த மாத்திரைகள் எப்படி வேலை செய்கின்றன என்று தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். இவை கருமுட்டை வெளியேறுவதைத் தள்ளிப்போடுகின்றன. அதற்குள் உள்ளே காத்திருக்கும் உயிரணுக்கள் செத்துவிடும். அவ்வளவுதான். ஏற்கெனவே கருமுட்டை வெளியேறிவிட்டால் மாத்திரைக்குத் தள்ளிப்போட எதுவும் இல்லை. ஏற்கெனவே கர்ப்பமாக இருந்தால் அதைக் கலைக்காது, கெடுக்கவும் செய்யாது. 'ஒரு தடவை போட்டால் பிறகு குழந்தையே பிறக்காது' என்பதிலும் உண்மை இல்லை.

மாத்திரை போட்டு 2, 3 மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்துவிட்டால் இன்னொன்று போட வேண்டும். போட்ட பிறகு சில நாட்களில் லேசான ரத்தம் படலாம். அதைப் பீரியட்ஸ் என்று எடுத்துக்கொண்டு 'தப்பித்தோம்' என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அடுத்த பீரியட்ஸ் ஒரு வாரம் முன்னாலோ பின்னாலோ வரலாம். இன்னொன்று: மாத்திரை நடந்துபோன உறவுக்கு மட்டும்தான். மறுநாள் மீண்டும் பாதுகாப்பில்லாமல் உறவு கொண்டால், தள்ளிப்போன கருமுட்டை சரியாக அப்போது வந்து சேரலாம்.

பாலூட்டுபவர்கள் லெவோநார்ஜெஸ்ட்ரல் போடலாம். யூலிபிரிஸ்டல் போட்டால் ஒரு வாரம் பாலைக் கறந்து ஊற்றிவிடச் சொல்வது வழக்கம், மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

கர்ப்பம் மட்டுமே கவலை இல்லை. துணைக்கு எச்.ஐ.வி. இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால், அதற்கான தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் எடுக்க வேண்டும். அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கே போய்க் கேட்கலாம். உறவு உங்கள் சம்மதம் இல்லாமல் நடந்திருந்தால் இன்னும் சீக்கிரம் போங்கள். சிகிச்சை, அவசர மாத்திரை, தடயச் சேகரிப்பு எல்லாவற்றுக்கும் நேரம் முக்கியம். போலீஸில் புகார் கொடுப்பதா வேண்டாமா என்று முடிவெடுக்கும் வரை சிகிச்சைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.

ஆபத்து எவ்வளவு? நாள் கணக்கு

உயிரணு பெண்ணின் உடலுக்குள் 5 நாள் வரை உயிரோடு இருக்கும். கருமுட்டை வெளிவந்த பிறகு 12 முதல் 24 மணி நேரம்தான் தாக்குப்பிடிக்கும். ஆக, ஒரு சுழற்சியில் கர்ப்பம் ஆகக்கூடிய நாட்கள் மொத்தம் 6: முட்டை வரும் நாள், அதற்கு முந்தைய 5 நாள். 5 நாள் முன்னால் நடந்த உறவுக்குச் சுமார் 10 சதவீத வாய்ப்பு; முட்டை வரும் நாளை ஒட்டி அது ஏறக்குறைய 30 சதவீதம் வரை ஏறும். அதற்கு மறுநாளே கிட்டத்தட்ட ஒன்றுமில்லாமல் இறங்கிவிடும். மிக ஆபத்தான நாளில்கூட மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்பு கர்ப்பம் ஆகாமல் இருப்பதற்குத்தான் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, அந்த 6 நாள் எது? முட்டை வெளிவந்ததில் இருந்து அடுத்த மாதவிடாய் வரையுள்ள காலம் பெரும்பாலோருக்கு சுமார் 14 நாள். அது அதிகம் மாறாது. மாறுவது முன்பாதி. அதனால் முன்னால் இருந்து எண்ணாமல், அடுத்த மாதவிடாயில் இருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். 28 நாள் சுழற்சிக்காரருக்கு 14-ம் நாளை ஒட்டி முட்டை வரும். 35 நாள் சுழற்சிக்காரருக்கு 21-ம் நாளை ஒட்டி. 'எல்லோருக்கும் 14-ம் நாள்' என்று பரவியிருக்கும் கணக்கு 28 நாள் சுழற்சி உள்ளவர்களுக்கு மட்டும் பொருந்துவது, அவர்களுக்கும் ஒவ்வொரு மாதமும் பொருந்தாது.

ஒருவருக்குச் சுழற்சி சில மாதம் 26 நாள், சில மாதம் 35 நாள் என்று வைத்துக்கொள்வோம். முட்டை 12-ம் நாளிலும் வரலாம், 21-ம் நாளிலும் வரலாம். 12-ல் இருந்து 5 நாள் பின்னால் போனால் 7. அதாவது அவருக்கு 7-ம் நாள் முதல் 21-ம் நாள் வரை எல்லாமே சந்தேக நாட்கள். காய்ச்சல், தூக்கமின்மை, மன அழுத்தம், திடீர் எடைக் குறைவு, நீண்ட பயணம் எல்லாம் முட்டையை மேலும் தள்ளிப்போடும். செல்போன் ஆப் காட்டும் 'பாதுகாப்பான நாள்' உங்கள் பழைய மாதங்களை வைத்துப் போட்ட ஊகம். இந்த மாதம் முட்டை எப்போது வந்தது என்று அதற்குத் தெரியாது.

மாதவிடாயின்போது நடந்த உறவால் கர்ப்பம் ஆகுமா? வாய்ப்பு குறைவு. ஆனால் சுழற்சி 23, 24 நாள்தான் என்றால் 9, 10-ம் நாளிலேயே முட்டை வந்துவிடும். 5-ம், 6-ம் நாளில் நடந்த உறவின் உயிரணுக்கள் அதுவரை தாக்குப்பிடிக்கும்.

என் கருத்து இதுதான்: இந்தக் கணக்கு மனதைக் கொஞ்சம் அமைதிப்படுத்த உதவலாம், மாத்திரை வேண்டாம் என்று முடிவெடுக்க உதவாது. உங்கள் சுழற்சி கடிகாரம் மாதிரி வருகிறது, முட்டை வந்து பல நாள் ஆகிவிட்டது என்று உறுதியாகத் தெரிந்தால் தவிர, 5 நாளுக்குள் இருப்பவர்கள் மாத்திரையோ காப்பர்-டியோ கேட்பதே புத்திசாலித்தனம்.

பிரசவம் ஆனவர்களுக்குத் தனிக் கணக்கு. பிரசவமாகி 3 வாரத்துக்குப் பிறகு மீண்டும் கர்ப்பம் ஆக வாய்ப்பு உண்டு, முதல் மாதவிடாய் வராமலேயே. குழந்தைக்கு 6 மாதத்துக்குள், இரவும் பகலும் தாய்ப்பால் மட்டுமே, மாதவிடாய் இன்னும் வரவில்லை, இந்த மூன்றும் சேர்ந்திருந்தால் சுமார் 98 சதவீதப் பாதுகாப்பு. ஒன்று தவறினாலும் அதை நம்ப வேண்டாம். கருக்கலைந்தவர்களுக்கு இன்னும் சீக்கிரம்: இரண்டு வாரத்துக்குள்கூட முட்டை வரலாம்.

காத்திருக்கும் நாட்கள்

இதுதான் கஷ்டமான பகுதி. உடம்பில் ஏற்படும் ஒவ்வொரு சிறு மாற்றமும் அறிகுறியாகத் தெரியும். உறவு நடந்து நாலாம் நாள் குமட்டுகிறது என்றால் அது கர்ப்பத்தால் இருக்க முடியாது. கரு உருவானாலும் அது கருக்குழாய் வழியாக வந்து கருப்பையில் பதிய, முட்டை வந்ததில் இருந்து 6 முதல் 12 நாள் ஆகும்; பெரும்பாலும் 8 முதல் 10-ம் நாளில். பதிந்த பிறகுதான் டெஸ்ட் தேடும் எச்.சி.ஜி. ஹார்மோன் தாயின் ரத்தத்துக்கு வரத் தொடங்கும். குமட்டல் பெரும்பாலும் நாள் தள்ளிப்போன பிறகுதான் தொடங்கும். மார்பு வலி, வயிறு உப்புதல், சோர்வு, எரிச்சல் எல்லாம் மாதவிடாய்க்கு முன் வழக்கமாகச் சுரக்கும் புரோஜெஸ்டிரோன் ஹார்மோன் செய்யும் வேலை. கர்ப்பம் ஆனாலும் ஆகாவிட்டாலும் அது சுரக்கும். அவசர மாத்திரையும் இதே தொல்லைகளைத் தரும். ஆகவே அறிகுறிகளைத் தேடிப் படிப்பதை நிறுத்துவது உங்களுக்கு நல்லது.

டெஸ்ட்: எந்த நாளில்?

விடை 21 நாள். கடைசியாகப் பாதுகாப்பில்லாமல் உறவு நடந்த நாளில் இருந்து 21 நாள் கழித்து. இந்த எண் எங்கிருந்து வந்தது என்று கூட்டிப் பார்க்கலாம். உயிரணு முட்டைக்காகக் காத்திருந்தது 5 நாள் வரை. கரு பதிய 12 நாள் வரை. சிறுநீரில் தெரியும் அளவுக்கு ஹார்மோன் ஏற இன்னும் சில நாள். தொடக்கத்தில் அது 2, 3 நாளுக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். எல்லாமே மெதுவாக நடந்தாலும் 21-ம் நாளில் கிட் காட்டிவிடும். மாதவிடாய் ஒழுங்காக வராதவர்கள், பிசிஓஎஸ் (மாதவிடாயை ஒழுங்கில்லாமல் ஆக்கும் ஹார்மோன் கோளாறு) உள்ளவர்கள், கடைசி மாதவிடாய்த் தேதியே தெரியாதவர்கள் எல்லோருக்கும் இந்தக் கணக்கு செல்லும். 'நாள் தள்ளிப்போனதா' என்ற கேள்விக்கே இங்கே இடம் இல்லை.

சுழற்சி ஒழுங்காக உள்ளவர்கள் மாதவிடாய் வர வேண்டிய நாளிலேயே எடுக்கலாம். உதாரணமாக, கடைசி மாதவிடாய் 1-ம் தேதி, சுழற்சி 28 நாள், உறவு 10-ம் தேதி. அடுத்தது 29-ம் தேதி வர வேண்டும். அன்று வராவிட்டால் எடுத்துப் பார்க்கலாம். நெகட்டிவ் வந்தால் 31-ம் தேதி, அதாவது 21-ம் நாளில், இன்னொரு முறை எடுத்து உறுதி செய்யுங்கள்.

அதற்கு முன்னால் எடுத்தால் என்ன? 14-ம் நாளில் பாசிட்டிவ் வந்தால் நம்பலாம். நெகட்டிவ் வந்தால் அதற்கு மதிப்பில்லை. ரத்தப் பரிசோதனை சில நாள் முன்னதாகவே காட்டும், அளவையும் எண்ணாகச் சொல்லும். ஆனால் கரு பதிவதற்கு முன் அதாலும் எதுவும் சொல்ல முடியாது.

கிட் பயன்படுத்தும்போது:

1. காலாவதித் தேதியைப் பாருங்கள். உறையைப் பயன்படுத்தும் நேரத்தில்தான் பிரிக்க வேண்டும்.
2. காலையில் முதலில் போகும் சிறுநீரைச் சுத்தமான, காய்ந்த கிண்ணத்தில் பிடியுங்கள். அதற்கு முன் நிறையத் தண்ணீர் குடித்தால் ஹார்மோன் நீர்த்துப்போகும். 21 நாள் தாண்டியவர்கள் எந்த நேரத்திலும் எடுக்கலாம்.
3. எத்தனை சொட்டு, எத்தனை நிமிடம் என்பது கிட்டுக்குக் கிட்டு மாறும். உறையில் உள்ளதைப் படித்து அப்படியே செய்யுங்கள். வழக்கமாக 3 முதல் 5 நிமிடம்.
4. 'சி' இடத்தில் கோடு வந்தே ஆக வேண்டும். வராவிட்டால் கிட் பழுது, வேறு கிட் எடுங்கள்.
5. 'சி' கோட்டோடு 'டி' இடத்திலும் கோடு வந்தால் பாசிட்டிவ், மங்கலாக இருந்தாலும். உறையில் சொன்ன நேரம் தாண்டிய பிறகு தெரியும் நிறமற்ற சாம்பல் கோட்டைக் கணக்கில் எடுக்காதீர்கள். அது சிறுநீர் காய்ந்த தடம்.

குப்பையில் போட்ட கிட்டை மாலையில் மீண்டும் எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்காத ஆள் குறைவு. அந்தப் பழக்கம் தூக்கத்தைக் கெடுப்பதைத் தவிர வேறொன்றும் செய்யாது.

வழக்கத்தைவிடக் குறைவாக, இரண்டே நாளில் நின்ற ரத்தப்போக்கு வந்திருந்தாலும் 21-ம் நாள் டெஸ்டை விட வேண்டாம். கரு பதியும்போதும் சிலருக்கு லேசாக ரத்தம் படும்.

பாசிட்டிவ் வந்தால்

கிட் பொய்யாகப் பாசிட்டிவ் காட்டுவது அரிது. சமீபத்தில் கருக்கலைந்திருந்தாலோ, பிரசவம் ஆகியிருந்தாலோ, குழந்தையின்மைச் சிகிச்சைக்கு எச்.சி.ஜி. ஊசி போட்டிருந்தாலோ அப்படி நடக்கும். மற்றபடி அதை உண்மையென்றே எடுத்துக்கொண்டு சில நாட்களுக்குள் மருத்துவரைப் பாருங்கள்.

அங்கே ஒரு குழப்பம் காத்திருக்கும். உறவு நடந்து 3 வாரம்தான் ஆகிறது, மருத்துவர் '5 வாரக் கர்ப்பம்' என்பார். கர்ப்ப வாரங்களைக் கடைசி மாதவிடாயின் முதல் நாளில் இருந்து எண்ணுவதே மருத்துவ வழக்கம். கரு உருவாவதற்கு முந்தைய 2 வாரமும் அதில் சேர்ந்துவிடும். இது தெரியாமல் சந்தேகத்தில் சண்டை போட்டுப் பிரிந்த ஜோடிகள் உண்டு.

கர்ப்பத்தைத் தொடர்வதா இல்லையா என்பது உங்கள் முடிவு. தொடர்வதானால் தினம் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் தொடங்குங்கள், மதுவையும் புகையையும் நிறுத்துங்கள், வழக்கமாக எடுக்கும் மருந்துகளை மருத்துவரிடம் காட்டுங்கள். தொடர வேண்டாம் என்றால் தாமதிக்க வேண்டாம். சட்ட எல்லை நாட்டுக்கு நாடு மாறும், ஆனால் சீக்கிரம் போகிறவர்களுக்கு எங்கேயும் வழி எளிது. கலைக்கும் மாத்திரையை யாரிடமோ வாங்கித் தானாகப் போட்டுக்கொள்வதில் ஒரு பெரிய அபாயம் இருக்கிறது: கரு கருக்குழாயில் தங்கியிருந்தால் அந்த மாத்திரை அதை ஒன்றும் செய்யாது.

அப்படித் தங்கிய கரு உயிருக்கே ஆபத்து. பாசிட்டிவ் வந்த பிறகு அடிவயிற்றில் கடுமையான வலி, குறிப்பாக ஒரு பக்கம், தோள்பட்டை முனையில் வலி, தலைசுற்றி மயக்கம், ரத்தப்போக்கு, இவற்றில் எது வந்தாலும் நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

நெகட்டிவ் வந்தால்

21-ம் நாள் நெகட்டிவ் என்றால் அந்த உறவால் கர்ப்பம் ஆகவில்லை. இடையில் வேறு உறவு நடந்திருந்தால் கணக்கு அங்கிருந்து மீண்டும் தொடங்கும். மாதவிடாய் இன்னும் வரவில்லை என்றால் ஒரு வாரம் கழித்து இன்னொரு டெஸ்ட். அதுவும் நெகட்டிவ், மாதவிடாயும் இல்லை என்றால் மருத்துவரைப் பாருங்கள். தைராய்டு, பிசிஓஎஸ், புரோலாக்டின் ஹார்மோன் அதிகமாவது, எடை மாற்றம் என்று வேறு காரணங்கள் இருக்கும்.

துணையின் உடல்நிலை பற்றித் தெரியாது என்றால் தொற்றுப் பரிசோதனையும் மீதி இருக்கிறது. கிளமிடியா, கொனோரியா இரண்டையும் 2 வாரத்துக்குப் பிறகு பார்க்கலாம். எச்.ஐ.வி.க்கு ஆய்வகத்தில் செய்யும் நான்காம் தலைமுறைச் சோதனை 45 நாளில் நம்பகமான விடை தரும். சிஃபிலிஸுக்கு 12 வாரம் வரை ஆகலாம்.

வழக்கமான கருத்தடையைத் தொடங்க 21 நாள் காத்திருக்க வேண்டியதில்லை. லெவோநார்ஜெஸ்ட்ரல் போட்டவர்கள் உடனே கருத்தடை மாத்திரையைத் தொடங்கலாம். யூலிபிரிஸ்டல் போட்டவர்கள் 5 நாள் விட்டுத் தொடங்க வேண்டும், இல்லாவிட்டால் ஒன்றின் வேலையை இன்னொன்று கெடுக்கும். இரண்டு ஹார்மோன் உள்ள கூட்டு மாத்திரை என்றால் தொடங்கிய முதல் 7 நாள் ஆணுறையும் சேர்த்துப் பயன்படுத்துங்கள்.